இல்லாத சுமைக்கு வாங்கிய ஸ்பிரிங்

பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நினைத்ததை நினைத்தபோது செய்கிற ஆளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. நான் வீடு வந்து சேர்ந்தேன். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரன் வழியெல்லாம் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தான். உங்கள் வாசலில் நான் பார்த்ததற்கு அது எவ்வளவோ தேவலை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்கிறீர்கள், அதுவும் எதையோ மென்றுகொண்டே. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. என் பெண்ணிடம் சொல்லி விடலாம் என்றால், "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் தபால்காரி இல்லம்மா" என்று கையை உதறிவிட்டாள். ரொட்டி ஆலையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வருகிறவள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

விஷயம் எருமை மாதிரி நிற்கிற உங்கள் ஜீப் வண்டி. நான் கிளம்புகிற அன்று உங்கள் சிநேகிதன் தாடிக்காரன் வந்தானே, வாயில் அடக்கியிருந்ததைச் சுவரோரம் துப்பினான், புறங்கையால் வாயைத் துடைத்தான், அதே கையால் என் பேத்தியின் கன்னத்தைக் கிள்ளினான். பிறகு வண்டியின் விலாவில் தட்டி, "நாலு இன்ச் தூக்குடா, சிங்கம் மாதிரி நிக்கும்" என்றான். நீங்கள் பல்லைக் காட்டினீர்கள். அந்தப் பல்லை நான் மறக்க மாட்டேன். கல்யாணத்தன்று சைலன்சர் இல்லாத மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி இதே பல்லைத்தான் காட்டினீர்கள்.

சிங்கத்தின் மேல், நீங்கள் கட்டெறும்பு என்று கூப்பிடுகிற என் பேத்தி எப்படி ஏறுவாள், யோசித்தீர்களா? இடுப்பில் அறுவை முடிந்து, இடது காலில் தொடையிலிருந்து கணுக்கால்வரை பட்டையும் கம்பியும் கட்டிக்கொண்டு, அந்தக் குழந்தை உங்கள் வண்டியில் தானாக ஏறப் பழகியதை நான் கூட இருந்து பார்த்தவள். கதவோரக் கைப்பிடியை இடது கையால் பிடிப்பாள். நல்ல காலைத் தூக்கி ஃபுட்போர்டில் வைப்பாள். அந்த ஒரு நொடி மெலிந்த காலில்தான் மொத்த உடம்பும் நிற்கும். மூச்சை அடக்கி உந்தி, சீட்டின் நுனியில் விழுவாள். பிறகு இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்துப் போடுவாள். போட்டுவிட்டு, "கதவைச் சாத்துங்க டிரைவர்" என்பாள் உங்களைப் பார்த்து. எத்தனை முறை விழுந்தாள், எந்தப் பக்கம் சிராய்த்தது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

வண்டியை ஒரு நூல் உயர்த்தினாலும் நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

உங்கள் மாமியார்


பிப்ரவரி 15

அத்தைக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கோபம் புரிகிறது. தாடியின் கைக்கு நான் பொறுப்பில்லை. அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் சிங்கத்துக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை. காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நேராக மலை மேல் இருக்கிற போன் டவர்களைப் பழுது பார்க்கப் போகிறேன். டவருக்குப் போகிற பாதை என்பது பாதை இல்லை, மழை அறுத்துப்போட்ட பள்ளம். நடுவில் கல் முட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டியின் அடிவயிறு போகும்போதும் வரும்போதும் தட்டுகிறது. போன மாதம் எஞ்சின் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற தகடு நசுங்கி உள்ளே போய்விட்டது. இன்னொரு அடி பட்டால் எண்ணெய் கொட்டி நடுமலையில் நிற்பேன். வண்டி நின்றால் வேலை நிற்கும், பள்ளிக்கூடமும் நிற்கும்.

விசாரித்ததில் மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று, பழைய ஸ்பிரிங்கின் தலையில் ஒரு கட்டையை வைத்து உயர்த்துவது. அதற்கு ஸ்பேசர் என்று பெயர். செருப்புக்குள் அட்டை வைத்து உயரமாகத் தெரிவது மாதிரி. உயரம் வரும், பழைய ஸ்பிரிங்கின் தளர்ச்சி அப்படியே இருக்கும். இரண்டாவது, ஸ்பிரிங்கையும் அதன் குலுக்கலை அடக்குகிற ஷாக்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகப் புதிதாகப் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்துவது. மூன்றாவதுதான் தாடி சொன்ன நாலு அங்குலம். அதற்குப் பிரேக் குழாய் நீளமாக வேண்டும், சக்கரத்தைப் பிடிக்கிற கைகளை மாற்ற வேண்டும், அப்படியும் வளைவில் வண்டி ஆடும். தினமும் குழந்தையோடு ஓட்டுகிற வண்டிக்கு அது ஆகாது என்று எனக்கே தெரியும்.

இரண்டாவதைத்தான் போடப் போகிறேன். இரண்டு அங்குலம் என்றால் உங்கள் கையில் மூன்று விரல் அகலம். நம் வாசல்படியில் கட்டெறும்பை ஏறவைத்துப் பார்த்தேன். படிக்கு மேல் மூன்று விரல் கனத்துக்குப் பலகை போட்டேன். ஏறினாள். முகத்தைச் சுளித்தாள், ஆனால் ஏறினாள்.

அவள் ஏற முடியாத வண்டியை நான் ஓட்ட மாட்டேன். இது என் வாக்கு.

மாப்பிள்ளை


மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

நேற்று பேத்தி பேசினாள். பாடம் எப்படி, பல் விழுந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "வண்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு பாட்டி."

"ஏறிட்டியா?"

"அப்பா தூக்கி உக்கார வைக்கிறாரு."

யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மூன்று விரல் என்றீர்கள். பலகை போட்டுப் பார்த்தேன் என்றீர்கள். வாக்கு என்றீர்கள். வாக்கு என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து கேட்டாலே எனக்குப் புளித்த ஏப்பம் வருகிறது. குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறேன் என்று கொடுத்த வாக்கு என்ன ஆனது? டீ குடிக்கப் போனவர், பிள்ளை பிறந்து குளிப்பாட்டிய பிறகு வந்தீர்கள்.

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மாமியார்


மார்ச் 19

அத்தைக்கு,

மறைக்கவில்லை.

கடைக்காரர் வேலை தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டார். "வண்டில என்னென்ன வெயிட் இருக்கும்?" ஸ்பிரிங்குகள் எடைக்குத் தக்கபடிதான் வருகின்றன. லேசான வண்டிக்கு லேசானது, கனத்த வண்டிக்குக் கனத்தது.

தாடியும் கூட இருந்தான். நான் சொல்லத் தொடங்கினேன். முன்னால் இரும்பு பம்பர், அதில் சேற்றிலிருந்து இழுக்கிற வின்ச், கூரையில் கேரியர், இரண்டாவது பேட்டரி, தண்ணீர் டிரம், கூடாரம். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுக் கனத்த ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டார். அவர் மேல் தப்பு இல்லை. நான் சொன்ன எடைக்கு அதுதான் சரி.

சொன்ன சாமான்களில் ஒன்றுகூட இன்னும் வண்டியில் இல்லை. ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அத்தனை எடை உட்கார்ந்தால்தான் அந்த ஸ்பிரிங் இரண்டு அங்குலத்தில் நிற்கும். வெறும் வண்டியில் அது அமுங்கவே இல்லை. ஏறக்குறைய தாடி கேட்ட உயரத்துக்கே போய்விட்டது. கொஞ்சம் கடினமாகவும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

போகப் போக ஸ்பிரிங் அமரும் என்கிறார்கள். அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பின்பக்கம் மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கிறேன். குழந்தை ஏறுகிற பின்கதவுப் பக்கம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. நீங்கள் வந்து பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

மிதிக்க மாட்டேன் என்ற வாசலை மிதித்துவிட்டு வந்தேன். பேத்திக்காக மிதித்தேன், உங்களுக்காக அல்ல. வந்த அன்று வாயைத் திறக்காமல் இருந்தேன். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். ஒருவன் காசைக் கொட்டி வண்டியை உயர்த்துவானாம். பிறகு அதைத் தாழ்த்த மண்ணை அள்ளிக் கொட்டுவானாம். என் காலத்தில் எத்தனையோ பைத்தியங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெண் பார்க்கும் முன்னே பிள்ளைக்குத் தொட்டில் கட்டின கதையாக, இல்லாத வின்ச்சுக்கும் வாங்காத கூடாரத்துக்கும் ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கூடாரத்தில் யார் படுக்கப் போகிறார்கள்? என் பெண்ணுக்குச் சொந்தக் கட்டிலில் படுக்கவே நேரம் கிடைப்பதில்லை.

கடைத்தெரு வரைக்கும் கூட்டிப்போனீர்கள். வண்டி போட்ட குலுக்கலில், கட்டின பல் கையோடு வந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். நீங்கள் வானொலியின் சத்தத்தைக் கூட்டினீர்கள். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் நிமிர்ந்து, விளக்கு வெளிச்சம் மரத்தின் உச்சிக்குப் போகிறது. எதிரே வந்த ஒவ்வொருத்தனும் உங்கள் அம்மாவை இழுத்துத் திட்டினான். அந்த அம்மாள் நல்ல பெண்மணி. அவருக்கு ஏன் இது?

நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. மூட்டைகள் மழையில் நனைந்து, காயாமல், பச்சையாகப் பூசணம் பிடித்திருக்கின்றன. ஜன்னல் திறந்து கிடந்த நேரத்தில் தெருப்பூனை உள்ளே வந்து அதைத் தன் கழிப்பிடமாக வைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு மூக்கு எதற்கு இருக்கிறது? அந்த நாற்றத்தில்தான் என் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு மூட்டையின் தையல் விட்டு மணல் தரையெல்லாம் பரவியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அவள் கால் பட்டையைக் கழற்றினேன். உள்ளே மெத்தைத் துணி முழுக்க மணல். கணுக்காலுக்கு மேல் தோல் உரிந்து, நீர் கசிந்து, சாக்ஸோடு ஒட்டியிருந்தது. அந்தப் பூனை அசிங்கம் செய்த மணல். வெந்நீரில் நனைத்து நனைத்துப் பிரித்தேன். "வலிக்குதா?" என்றேன். "அப்பாகிட்ட சொல்லாதீங்க, பாவம், அவரே தூக்கித் தூக்கி அடுக்கினாரு" என்றாள்.

சொல்லிவிட்டேன். உங்கள் தலையில் இறங்கட்டும்.

மூட்டைகளை இன்றே எடுத்துக் கொட்டுங்கள். என் தெருத் தச்சனிடம் சொல்லி ஒரு மரப்படி செய்து அனுப்பியிருக்கிறேன். கெட்டியான மரம், வழுக்காமல் இருக்க மேலே ரப்பர். வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஏறவும் இறங்கவும் கீழே எடுத்துப் போடுங்கள், பிறகு எடுத்து உள்ளே வையுங்கள். இதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

உங்கள் மாமியார்


ஏப்ரல் 20

அத்தைக்கு,

மூட்டைகளை அன்றே எடுத்துவிட்டேன். வண்டியை மூன்று முறை கழுவினேன். மருந்து போட்டுப் புண் ஆறிவிட்டது. அதைப் பற்றி நான் வேறெதுவும் எழுத முடியாது.

உங்கள் மரப்படி வந்தது. முதல் நாள் பள்ளிக்கூட வாசலில், நீங்கள் சொன்னபடியே, நான் இறங்கி, சுற்றி வந்து, பின்னால் இருந்து படியை எடுத்துக் கீழே போட்டு, கதவைத் திறந்தேன். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஒருத்தன் கையைக் குவித்து வாயில் வைத்து, "மகாராணி வருகிறார்! பராக்! பராக்!" என்று கத்தினான். மற்றவர்கள் குனிந்து வணக்கம் போட்டார்கள். அதற்கு மறுநாளும் அதே.

அதற்கடுத்த நாள் அவள் படியில் கால் வைக்கவில்லை. சீட்டிலிருந்து நேராகக் கீழே சரிந்து இறங்கினாள். உள்ளங்கை இரண்டும் சிராய்த்தன. எழுந்து, படியை இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் தள்ளினாள். கறுப்புத் தண்ணீர் அவள் பாவாடையில் தெறித்தது. அதைத் துடைக்காமலே உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூட வேனில் போகிறாள். அவளே ஓட்டுநரிடம் பேசி ஏற்பாடு செய்திருக்கிறாள். அதன் படி தாழ்வு. வாசலில் நிற்கிற நம் வண்டியை, பிடிக்காத சொந்தக்காரரைத் தாண்டிப் போவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போகிறாள். தாடி, பட்டனைத் தட்டினால் தானாக இறங்குகிற மின்சாரப் படி இருக்கிறது என்றான். போடட்டுமா என்று அவளைக் கேட்டேன். "எனக்கு உங்க வண்டியே வேணாம்ப்பா" என்றாள்.

அத்தை, நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் என் மூட்டையும் உங்கள் படியும் ஒரே ரகம்தான். இரண்டு பேருமே அவளைக் கேட்கவில்லை.

காலையில் அந்தச் சாலையில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு போவோம். அவள் என்னை டிரைவர் என்பாள், நான் அவளை மேடம் என்பேன். இப்போது பின்சீட்டைப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 28

மாப்பிள்ளைக்கு,

என் படி நல்ல மரம். அதைச் சாக்கடையில் போட்டது தப்பு. அந்த "பராக்" சொன்ன பயல் எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து எழுதுங்கள். முகம் தெரியாவிட்டாலும் அவனை நான் ஆயுளுக்கும் நினைவில் வைத்துக்கொள்வேன்.

பேத்திக்குப் போன் போட்டேன். "ஏம்மா, பாட்டி ஆசையா அனுப்பினதை..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்களும்தான் என்னைக் கேக்கல பாட்டி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பேத்தி என்னிடம் போனை வைத்தாள்! இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் முழுக்க உங்கள் மேல்தான். வேலியோடு போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டது நீங்கள். கடித்தது என்னை.

மூட்டையும் படியும் ஒரே ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது பதில் எழுத மாட்டேன்.

அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு மறுவேலை பாருங்கள். தாடிக்காரனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் மாமியார்


மே 14

அத்தைக்கு,

கழற்றிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிறு அன்று ஸ்பிரிங் மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். யாரையும் கூப்பிடவில்லை. கிளம்பும்போது கட்டெறும்பு செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன்" என்றாள். "தூக்கட்டுமா?" என்றேன். யோசித்தாள். "இன்னிக்கு மட்டும்" என்றாள். தூக்கி உட்கார வைத்தேன். மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் பழைய கேள்வியையே கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து இவள் சொல்கிறாள். "அப்பா. நான். என் பை. அப்பாவோட டூல் பாக்ஸ். டவர்ல ஏற கயிறு. எப்பவாவது அம்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் அப்பா போன்ல வச்சிருக்கற படத்துலதான் இருக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் கிரீஸும் யாரோ துப்பிய எச்சிலும் கிடந்தன. உங்கள் நினைவு வந்தது.

லேசான ஸ்பிரிங் போட்டார். ஷாக் அதேதான், அது பொருந்துமாம். வேலை முடியும்வரை எண்ணெய் படிந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கடைக்காரரே அளந்தார். சரியாக இரண்டு அங்குலம்.

இனி பொய் சொல்ல மாட்டேன் அத்தை. வாசல்படி வேறு, வண்டி வேறு. முதல் தடவை கால் ஃபுட்போர்டின் விளிம்பைத் தொட்டு வழுக்கியது. முழங்கால் இடித்து ரத்தம் வந்தது. நான் கையை நீட்டினேன். "கைய எடுங்க" என்றாள். கடைப் பையன்கள் ஸ்பேனரைப் போட்டுவிட்டு நின்றார்கள். கடைக்காரர் அவர்களைப் பார்த்து, "டேய், உங்களுக்கு வேலை இல்ல?" என்று ஒரு அதட்டல் போட்டார். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பிக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கம்பி உரசுகிற சத்தம். ஒரு முறை "ச்சே" என்றாள், உங்கள் குரலிலேயே. பிறகு சீட்டு ஸ்பிரிங் முனகியது.

பழைய கைப்பிடியை அவள் விட்டுவிட்டாள். முன்சீட்டின் தலைசாய்ப்புக் கம்பியை ஒரு கையால் எட்டிப் பிடித்து, சீட் பெல்ட்டை மறு கையில் சுற்றிக்கொண்டு, காலை நம்பாமல் கையால் தன்னை இழுத்துக்கொண்டாள். எப்படி என்று நான் பார்க்கவில்லை. அவள் வழியில் சொன்னாள். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அதையும் அவளே சாத்தினாள்.

தாடி பார்த்துவிட்டு, "என்னடா, சிங்கம் உக்காந்துடுச்சு" என்று சிரித்தான். டவர் பாதையில் ஒரு இடத்தில் இன்னும் அடி தட்டுகிறது. அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, கல்லைக் கையால் புரட்டிவிட்டுப் போகிறேன். அது என் வேலை.

மாப்பிள்ளை


மே 23

மாப்பிள்ளைக்கு,

படித்தேன். இரண்டு முறை படித்தேன், எங்கேயாவது பொய் இருக்கிறதா என்று. முழங்கால் ரத்தத்தைப் பற்றி எழுதினீர்கள், அதில் என்ன மருந்து போட்டீர்கள் என்று எழுதவில்லை. கிரீஸும் எச்சிலும் கிடக்கிற இடத்தில் குழந்தையை நாளெல்லாம் உட்கார வைத்திருக்கிறீர்கள். எச்சிலைப் பார்த்ததும் என் நினைவு வந்ததாம். நல்ல மரியாதை. இதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

மூட்டையும் படியும் ஒரே ரகம் என்றதற்குப் பதில்: படியில் நாற்றம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளி விடுமுறை முடிவதற்குள் வருகிறேன். உங்கள் அழைப்புக்காக அல்ல. பேத்தி நேற்று அவளாகவே போன் போட்டாள். பேருந்து நிலையத்துக்கு வண்டியில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். "அந்த உசரத்துல நான் எப்படி ஏறுவேன்?" என்றேன்.

"நான் காட்டறேன் பாட்டி. எங்க பிடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. அவசரப்படக் கூடாது. யாராவது பாத்தா பாக்கட்டும். அப்பா கை குடுப்பாரு, பிடிச்சுடாதீங்க."

சரி என்றேன். உங்கள் கையைப் பிடிக்காமல் இருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

உங்கள் மாமியார்